வெண்டிக்காய்ப் பெட்டியும் துணிவுப் பாடமும்

15 நவம்பர் 2014, சனி

மகளுக்குத் திங்கட்கிழமை தத்துவப் பரீட்சை. துணிவைப் பற்றிப் பழைய கிரேக்க ஞானி ஒருவர் சொன்னதுதான் பாடம். நீந்தி நீந்தியே நீச்சல் வருவதுபோல, துணிவானதைச் செய்து செய்தே ஒருவர் துணிவுள்ளவர் ஆகிறாராம். தனக்குப் பிடிபடவில்லை என்றாள்.

"விளங்காட்டியும் பரவாயில்லை, பாடமாக்கு," என்றேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே பாஸ் பண்ணினோம்.

வீட்டில் விட்டால் படிக்கமாட்டாள் என்று, நான் வேலை செய்யும் ரூ பெர்தொனே தெரு மரக்கறிக் கடைக்கே கூட்டிப்போய், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருத்தினேன்.

மத்தியானம் முதலாளி, என்னோடு வேலை செய்யும் குமாரண்ணையைப் பிடித்துக்கொண்டார். வெண்டிக்காய் அழுகியதற்கு அவர்தான் காரணமாம். பெட்டியை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பக் குளிரறையில் வைக்க மறந்தது முதலாளியேதான். நானும் மகளும் கண்ணால் கண்டோம். குமாரண்ணைக்கு விசா இல்லை, எதிர்த்துப் பேசமாட்டார். என்னைப் பார்த்தார். நான் தராசைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நாளையிலயிருந்து நீர் இஞ்சை வரவேண்டாம்," என்றார் முதலாளி அவரிடம்.

திரான்சியில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மகள் என் முகத்தைப் பார்க்காமலே வந்தாள். பொறுக்க முடியாமல், "பாடத்தைச் சொல்லு பாப்பம்," என்றேன். எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிறவள், முழுவதையும் தமிழில், ஒரு சொல்கூடப் பிசகாமல் சொன்னாள்.

"சரியோ அம்மா?"

"ஓம், சரி."

குமாரண்ணைக்குப் போன் எடுத்து என்ன சொல்வது? நாளைக்கு அவருடைய வேலையையும் நான்தான் செய்ய வேண்டும்.