மலைக்கு அந்தப் பக்கம்

இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் லினன் துணியிலிருந்து ஈர வைக்கோல் வாசம் எழுகிறது. அச்சடித்த மை துணியில் நன்றாகப் பிடிக்க இப்படிச் சூடு காட்டியே ஆக வேண்டும். இது உன் வேலை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஓரத்தில் கொஞ்சம் கருக்கிவிட்டேன், திட்டாதே.

பேகம்பூரில் நாம் வாடகைக்கு எடுத்த அறையில் முதலில் அச்சடித்தது மலைக்கோட்டைப் பாறையை. கண்ணால் பார்த்தபடியே அச்சுக் கட்டையில் செதுக்கிவிட்டாய். கட்டையில் வலது பக்கம் இருப்பது துணியில் இடது பக்கம் விழும் என்பதையே மறந்துபோனாய். துணியை உரித்தால் மலை திரும்பி நிற்கிறது.

"ஏன்டா, மலையக் கண்ணாடியிலயா பார்த்த?" என்று கத்தினேன்.

நீ அசரவில்லை. "எங்க வீடு மலைக்கு அந்தப் பக்கம்டா மாப்ள. எங்க மாடியில இருந்து பாரு, இப்படித்தான் இருக்கும்."

மெக்கானிக்கல் படித்தவனிடமா கதை? அப்போதே பைக்கை எடுத்தேன். மாடியில் நீ துணியை உயர்த்திப் பிடித்தாய். மலையின் விளிம்பும் அச்சின் விளிம்பும் ஒன்றாகவே இருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் விளிம்பு திரும்பத்தானே செய்யும், கணக்குப்படியும் சரிதான். சமாளிக்கச் சொன்னது உண்மையாகிப் போனதில் என்னைவிட உனக்குத்தான் ஆச்சரியம்.

மலைக்குக் கீழே உன் வரியை, எழுத்தையாவது திருப்பிச் செதுக்கி, அச்சிட்டோம்: 'வெயில் போய்விட்டது. பாறை இன்னும் சுடுகிறது.'

"கல்லு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். இதுல என்னடா கவிதை?"

"அம்புட்டுத்தான்டா கவிதை."

உன்னைப் பறிகொடுத்த பிறகு ஒரு ஓட்டல்காரர் வந்தார். "மலை திரும்பியிருக்கு தம்பி. சரியா வெட்டி அடிச்சுக் குடுங்க, எல்லா ரூமுக்கும் எடுத்துக்கிறேன்." அந்த ஆர்டர் இல்லாவிட்டால் நம் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். புதுக் கட்டை வாங்கினேன். சரியாகவே வரைந்தேன். உளியை வைத்தால் கை நகரவில்லை.

பழைய துணியோடு உன் வீட்டு மாடிக்குப் போனேன். பின்னாலேயே வந்த உன் அம்மா, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தார்.

"இதத்தான அவன் பொழுதுக்கும் பாத்துக்கிட்டு நிப்பான், அப்பு."

பிடித்த முனையை அவர் விடவில்லை. துணியை அவரிடமே கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று ஓட்டல்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: 'மலை சரியாத்தான் இருக்கு சார். நீங்க இந்தப் பக்கம் வந்து பாருங்க.'

பதில் வரவில்லை. அறை போகலாம். கட்டை என்னிடம் இருக்கிறது.

இன்று அதிலேதான் எனக்கென்று ஒன்று அடித்தேன். பெட்டியை அணைத்துச் செத்த நேரமாகிறது. மடிக்கலாம் என்று உன் வரியின் மேல் கையை வைத்தேன்.

இன்னும் சுடுகிறதடா.