பின் சீட்டுக் கம்பளி

அன்பு மகன் இசக்கிராஜாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகளும் சுகம். அங்கே நீயும் மருமகள் ரேணுகாதேவியும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் ஊர்க் குளிர் கொஞ்சம் இரக்கம் காட்ட வேண்டும் என்று செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வாராவாரம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனைப் பிடிப்பது உன் அப்பா. நான் பின்னால் நிற்பேன், அதிலும் பாதி முகம்தான் விழும். நான் வாயைத் திறப்பதற்குள் "ஏலே, உங்கம்மா நல்லா இருக்கா" என்று எனக்கும் சேர்த்து அவரே சொல்லிவிடுவார். மேலத்தெரு லிங்கராஜ் லீவு முடிந்து நாளைக்கு உங்கள் ஊருக்குத்தான் கிளம்புகிறான். அவன் பையில் கடலைமிட்டாய்க்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வண்டியை விற்கலாமா என்று உன்னிடம் கேட்பார். அதற்கு முன்னால் என் பக்கத்துக் கதையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ பெங்களூரில் இருந்தபோது பழையதாக வாங்கி, வெளிநாடு போகும்போது நம் வீட்டில் விட்டுப்போன கார் அது. பெட்ரோலிலும் ஓடும், உள்ளே இருக்கிற பெரிய பேட்டரியிலும் ஓடும், எப்போது எதில் ஓடுவது என்று அதுவே முடிவு பண்ணிக்கொள்ளும், நாம் கேட்க முடியாது என்று நீ சொன்னபோது, இந்தச் சுபாவத்தில் நம் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், வண்டி வேப்பமரத்தடியில் கோழி அடைகிற இடமாகிப் போனதும், அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கோவில்பட்டி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அன்றிலிருந்து உன் அப்பா பின் சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறார் என்பது. பெண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனால் ஊர் சிரிக்குமாம். பின்னால் உட்கார்ந்தால் முதலாளியாம். அந்த முதலாளிக்கு ஏசி ஆகாது என்பதால், ஆட்டுக்குக் காவல் கிடக்கும்போது போர்த்துகிற கம்பளியைச் சீட்டு முழுக்க விரித்து அதன் மேல்தான் உட்காருவார். தாய் ஒதுக்கிவிட்ட குட்டி ஒன்றுக்கு அவர்தான் பாட்டிலில் பால் கொடுக்கிறார், அதுவும் பக்கத்திலேயே படுத்து வரும். பேட்டரியில் போகும்போது வண்டிக்குச் சத்தமே கிடையாது, ரோட்டில் ஆடுகள் விலக மாட்டேன் என்கின்றன என்று முன்னால் ஒரு ஆட்டு மணியையும் கட்டிவிட்டார். காரில் மணி கட்டிய குடும்பம் இந்த வட்டாரத்தில் நாம் மட்டும்தான்.

உன் சித்தி அமுதவள்ளி பக்கவாதத்தில் படுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, பேச்சு இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் கழுகுமலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவதற்குள் கடைசி பஸ் போய்விடுமே என்ற பயம் வந்துவிடும். இப்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறேன். தலை வாரிவிடுகிறேன், ரெண்டு வாய் ஊட்டிவிடுகிறேன், ஊர்க் கதை எல்லாம் சொல்கிறேன். தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டதும் முகத்தை வாசல் பக்கம் திருப்புகிறாள் என்று அவள் மருமகள் சுந்தரேஸ்வரி சொன்னாள். அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வண்டி போனால் எனக்குச் செவ்வாய்க்கிழமை போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பன்னிரண்டில் வந்து நின்றது. உன் அப்பா பின் சீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பொம்பள மிதிச்சா பெட்ரோல் இப்படித்தாம் குடிக்கும்" என்று டீக்கடையில் சொன்னது எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. நீயும் உன் பங்குக்கு, பழைய வண்டிதானேம்மா, பேட்டரி போயிருக்கும், வித்துட்டு டாக்ஸி வச்சுக்கோங்க என்று போனில் சொன்னாய். நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். புரோக்கர் செல்வகணேஷும் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பன்னிரண்டு கொடுக்கிற வண்டியை யார் வாங்குவா அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனான். அந்த மோரைச் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

இதற்கிடையில் வண்டியின் பின்பக்கம் ஒரு இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. உன் அப்பாவின் குறட்டை என்றுதான் முதலில் விட்டுவிட்டேன். அவர் இறங்கிப் போன பிறகும் கேட்டது. அப்புறம் ஒருநாள் குட்டி சீட்டில் அசிங்கம் பண்ணிவிட்டது என்று, கழுவுவதற்காகக் கம்பளியை இழுத்தேன், வரவில்லை. பார்த்தால் சீட்டின் ஓரத்தில் சன்னல் மாதிரி கம்பி போட்ட ஒரு துவாரம், அது கம்பளியின் ஓரத்தை உள்ளே உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கிறது. விரலை விட்டால் கம்பளி ரோமம், ஆட்டு முடி, கரிசல் தூசி எல்லாம் சேர்ந்து அடை அடையாக வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் மில்லில் இருந்தேன் அல்லவா, காற்று போகிற குழாயில் பஞ்சு அடைத்தால் மோட்டார் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். இதுவும் அந்த மாதிரிதான் என்று தோன்றியது. மறுநாளே திருநெல்வேலிக்கு ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போனேன், பின் சீட்டு முதலாளியும் கூடவே வந்தார்.

அங்கே பின் சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். பேட்டரியைக் குளிர வைக்கிற ஃபேனுக்கு அந்தத் துவாரம் வழியாகத்தான் காற்று போகுமாம். அது அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகுமாம், சூடானால் வண்டி பேட்டரியை அதிகம் தொடாமல் பெட்ரோலையே குடிக்குமாம். நல்ல வேளை, பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றார்கள். ஃபேனிலிருந்து எடுத்த ரோமத்தை வைத்து அந்தக் குட்டிக்கே ஒரு போர்வை பண்ணிவிடலாம். என்ஜினுக்குக் காற்று வடிகட்டுகிற ஃபில்டரும் நம் மண் நிறத்துக்கு மாறியிருந்தது, புதிதாகப் போட்டார்கள். கடைசியாக டயரைப் பார்த்துவிட்டு, நாலு டயரிலும் பாதிக் காற்றுகூட இல்லையே, யார் பிடுங்கிவிட்டது என்று கேட்டார்கள். உன் அப்பா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். ஐப்பசி மழையில் நம் புஞ்சைப் பாதை சேறானபோது, டிராக்டருக்குச் செய்வது போலக் காரையும் புதையாமல் காப்பாற்றுகிறேன் என்று அவர்தான் காற்றைக் குறைத்திருக்கிறார். மழை போய், சேறு காய்ந்து, மண் வெடித்தும் போனது, காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அவ்வளவு நாளும் பின்னால் உட்கார்ந்து என் காலைக் குறை சொன்னார். ஒன்று சொல்ல வேண்டும், வரும் வழியெல்லாம் அவர் கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை டயரில் காற்றுப் பார்க்கிறேன், துவாரத்தைத் துடைக்கிறேன். கடைசி நிமிஷத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் தூரத்திலிருந்தே மெதுவாக அமுக்கி வந்தால், அந்த வேகம் பேட்டரிக்குள் போய்ச் சேருகிறது, அதையும் பழகிவிட்டேன். பதினேழு கொடுக்கிறது. டீக்கடையில் இப்போது கதை என்னவென்றால், "எனக்கு அப்பமே ஒரு சந்தேகம் இருந்துச்சு, நாந்தாம் திருநெல்வேலிக்குக் கொண்டு போனேன்" என்பதாம். நான் மறுக்கவில்லை, அவரும் வண்டியில் இருந்தாரே. ஆனால் அந்தக் கதை செல்வகணேஷ் காதுக்கும் போய்விட்டது. பன்னிரண்டு கொடுத்தபோது திரும்பிப் பார்க்காத வண்டிக்கு, சாத்தூரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்துவிட்டான். அவரும் ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே வேண்டும் என்கிறார். கழுவித் துடைத்து, காற்றடித்து, என் கையாலேயே வண்டியை விலைபோக வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கும்போதே தள்ளிவிடணும் என்கிறார் உன் அப்பா. அவர் கெட்டவர் இல்லை ராசா. நான் அவரைக் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போய்வருவது அவருக்கு உறுத்துகிறது, அதை அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, அந்த மடித்த கம்பளியைப் பார்த்ததும் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை இந்தக் கடிதத்தில் எழுதித் தீர்த்துவிட்டேன்.

வண்டி உன் பெயரில் இருக்கிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமை உன்னைத்தான் கேட்பார். விற்காதே என்று சொல்லச் சொல்லவில்லை, அப்பாவோடு சண்டை போடவும் சொல்லவில்லை. "அம்மாட்ட கேளுங்கப்பா" என்று மட்டும் சொல். இந்த வீட்டில் இதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை, அதனால் சிக்னல் சரியில்லை என்றுதான் முதலில் நினைப்பார். நீ இன்னொரு தடவை சொல். அப்புறம் போனை என் பக்கம் திருப்பச் சொல்.

நீயும் ரேணுகாதேவியும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். குளிரில் டயர்க் காற்று தானாகவே குறையுமாம், உன் வண்டியைப் பார்த்துக்கொள். கடலைமிட்டாயை ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்துவிடாமல் அவளுக்கும் கொஞ்சம் வை.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை கழுகுமலை போக வேண்டிய
உன் அம்மா,
வெயிலுகந்தம்மாள்