கொச்சிக்குப் போகும் குக்கர்

ஆவணி கடைசி வாரம், செவ்வாய் இரவு.

கொச்சிக்குப் போகும் தேதியை நான்தான் குறித்தேன். மழை விட்டிருக்கும், கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது, அறையும் மலிவாகக் கிடைக்கும். கடல் பார்க்க ஆசை என்று வீட்டில் சொல்லிவைத்தேன். உண்மையில், மூன்று நாளாவது யாரோ சமைத்ததை உட்கார்ந்த இடத்தில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். இன்று காலை அறையும் பதிவாயிற்று.

சாயங்காலம் அத்தை காலண்டரோடு வந்தார். "ஏன் அம்மணி, அது பொரட்டாசியாச்சே? மீன் பொரிக்கற ஓட்டல்ல நாம எப்படிச் சாப்புடறது?"

எனக்கு மறந்தே போயிருந்தது. புரட்டாசியில் இந்த வீட்டில் கவிச்சி கிடையாது. கவிச்சி சமைக்கும் இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். பயணமே நின்றுவிடும் என்று பயந்தேன்.

என் வீட்டுக்காரர் உடனே போனை எடுத்து யாரிடமோ பேசினார். பிறகு சிரித்துக்கொண்டே வந்தார். "அடுப்பு இருக்கற ரூமா மாத்திப்போட்டேனுங்கம்மா. குக்கரைக் கார்ல போட்டுக்கலாம்."

அத்தை என் தோளைத் தட்டினார். "அரிசிம்பருப்பு ஆக்குனாப் போதும் கண்ணு. பெருசா ஒன்னும் வேண்டாம்."

இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்துவைத்தேன். துவரம்பருப்பையும் சீரகத்தையும் இப்போதுதான் பொட்டலம் கட்டி முடித்தேன்.

படுக்கப் போகும்போது அவர் சொன்னார்: "உனக்குத்தான் கடல் பாக்கோணும்னு ஆசையாச்சே. அடுப்புக்கு நேரா ஜன்னலாம். சமைச்சுட்டே பாத்துக்கலாம்."