எந்தத் தட்டில் சுட்டது?

நீ தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. பேக்கரிக்குக் கிளம்புகிறேன். பதினோரு மணிக்கு வந்துவிடுவேன்.

என் பெண் சிட்டுவை அவள் அம்மா பத்து மணிக்கு நம் வீட்டில் கொண்டுவந்து விடுவாள். மூச்சடைத்தால் போடும் ஊசி மருந்து சிவப்புப் பையில் இருக்கும், வாங்கியதும் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள். சாப்பாடு அவள் அம்மா வீட்டிலிருந்தே வருகிறது.

போன ஞாயிறு நான் கத்தியதிலிருந்து நாம் சரியாகப் பேசவில்லை. கடலை பட்டாலே மூச்சடைக்கும் என் பெண்ணுக்காக, கடலையே சேர்க்காமல் பேக்கரியில் நானே சுட்ட பிஸ்கட். அதை அவள் வாய்க்குப் போகும் முன் பிடுங்கிக்கொண்டு, "எந்தத் தட்டுல சுட்டீங்க?" என்று கேட்டாய். "பெத்தவன் நானா, நீயா?" என்று எகிறினேன்.

மறுநாள் வேலையில் அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தேன். மூலையில் கடலைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாளாக வாய் வரவில்லை.

சிட்டு நடந்ததை எல்லாம் அங்கே ஒப்பித்துவிட்டாள். ஞாயிறு அந்த இரண்டு மணி நேரத்துக்குக்கூட இனி அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். நேற்று மதியம் அவள் அம்மா போன் செய்தாள். "இனிமே ரெண்டு மணி நேரத்தோட கூட்டிட்டு வர வேண்டாம், சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். ஆனா கூடவே அவங்களும் வீட்ல இருக்கணும்" என்றாள்.

அவங்க என்றது உன்னை. என் பெண்ணை ஒரு முழுப் பகல் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

பின்குறிப்பு: பேக்கரியின் கடலைத் தூளோடு, குளித்து உடை மாற்றாமல் அவளைத் தூக்க ஓடிவந்தேன் என்றால், போன வாரம் மாதிரியே குறுக்கே நில். கத்தமாட்டேன்.