பீரங்கிக் குழாயில் தொங்கிய கைலி

பாய், உங்கள் கைலி இன்னும் பீரங்கிக் குழாயின் மேல் போட்டபடியேதான் கிடக்கிறது. கராஜ் கதவைத் திறந்ததும் அதே வாசம், கிரீஸும் புளியும் பச்சைப் பெயிண்டும் சேர்ந்து. எடுத்து மடித்து வைக்கலாம் என்று கையை நீட்டியவன், பாதியில் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். சனிக்கிழமை பீரங்கியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அதற்குள் துடைக்க வேண்டியதும் கட்ட வேண்டியதும் எவ்வளவோ இருக்கிறது. எனக்கோ எழுந்திருக்கவே மனமில்லை. நீங்கள் போனதிலிருந்து எதைத் தொட்டாலும் இப்படி ஓர் அலுப்பு. வீட்டில் கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பீரங்கியை முன்னாள் ராணுவத்தினர் மன்றத்துக்குக் கொடுக்கிறேன். அதை முதன்முதலில் பார்த்தோமே, அந்த ஊர் மன்றத்துக்குத்தான். நாம் இருவரும் பேசி முடிவு செய்ததுதானே, கோபப்பட மாட்டீர்கள். ஆனால் மன்றத்துக்காரர் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு வைக்கப் போகிறாராம். பழுது பார்த்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்கிறார். அங்கேதான் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கிறேன். “உங்க பேரு மட்டும் போடுங்க” என்று நீங்கள் என்றைக்கோ சொல்லிவிட்டீர்கள். நீங்கள் செய்த வேலைக்கு என் பெயரை மட்டும் எப்படிப் போடுவது?

வசந்தம் வந்தால் ஹூஸ்டன் தமிழர்கள் பட்டுப்புடவையும் பிள்ளைகளுமாகக் கிளம்பிப் போய், ப்ளூபானட் பூக்களுக்கு நடுவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால்தான் அந்த வருஷம் விடியும். நாமும் போனோம். எல்லாரும் சிரித்து நிற்கும்போது உங்களை மட்டும் காணோம். தேடி வந்தால் ஒரு பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால், இடுப்பளவு புல்லில், துருப்பிடித்த பீரங்கி ஒன்றைத் தடவிக்கொண்டு நிற்கிறீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஹோவிட்சர். இனிமேல் சுட முடியாதபடி குழாயை அடைத்து எப்போதோ வெல்டு வைத்திருந்தார்கள். மிச்ச இடத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. பண்ணைக்காரர் வந்து, இழுத்துக்கொண்டு போவதானால் போங்கள், எனக்கு இடம் மிச்சம் என்றார்.

“வாழ்நாள் பூரா கம்ப்யூட்டர்ல வால்வு வரஞ்சாச்சு. ஒரு தடவையாவது இரும்பத் தொட்டுப் பாத்துருவோம், கோயமுத்தூரு.”

நீங்கள் என்னைக் கூப்பிட்டது அப்படித்தான், ஊர்ப் பெயரால். நான் உங்களைப் பாய் என்றேன். நாம் வேலை பார்த்த ஆபீஸில் உங்கள் பெயரை நறுக்கி மூன்றெழுத்தாக்கி வைத்திருந்தார்கள். அதற்கும் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

உங்கள் கராஜ் என்னுடையதைவிடப் பெரியது. பீரங்கியை அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். கேட்டதும் தலையாட்டி மறுத்துவிட்டீர்கள்.

“என் பேரைக் கம்ப்யூட்டர்ல அடிச்சாலே ஏர்போர்ட்ல தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போறான். அந்தப் பேருக்குக் கீழ பீரங்கின்னு வேற எழுதணுமா?”

சொல்லிவிட்டு நீங்களே இருமல் வரும்வரை சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். டீ கொண்டுவந்த உங்கள் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பீரங்கி என் வீட்டில், என் பெயரில். அடைத்த குழாயானாலும் எல்லாத் தாளிலும் நானே கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமையானால் நீங்கள் வந்து, பேண்டைக் கழற்றிக் கைலிக்கு மாறி, கதவைப் பாதி இறக்கிவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பீர்கள். டெக்சாஸ் வெயிலில் அந்தப் பாதிக் கதவு நம்மை அவித்தெடுத்தது. ஒருநாள்கூட முழுக்கத் திறக்க விட்டதில்லை.

குழாயை ஏற்றி இறக்கும் கைச்சக்கரம் நினைவிருக்கிறதா? எண்ணெய் விட்டு, சூடுபடுத்தி, தட்டி, கெஞ்சிக்கூடப் பார்த்தோம். குளிர்காலம் போய்க் கோடையும் வந்துவிட்டது, அது அசையவில்லை. நான் சுத்தியலை எடுப்பேன், நீங்கள் வாங்கிக் கீழே வைப்பீர்கள். பிறகு ‘பிஸ்மில்லா’ என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கையை வைப்பீர்கள். ஒவ்வொரு நட்டுக்கும் அப்படித்தான்.

“ஏனுங்க பாய், நட்டுக்குக் காது கேக்குமுங்களா?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“நட்டுக்கு யாருங்க சொன்னா? எனக்குச் சொல்லிக்கிறேன். கோவத்துல திருப்புனா மரை போயிரும்.”

கடைசியில் உங்கள் கைக்குத்தான் அது சுற்றியது. பித்தளைப் பாகங்களைத் துலக்க ஹில்கிராஃப்ட் இந்தியக் கடையிலிருந்து நீங்கள் வாங்கிவந்த புளி தீர்ந்து, சமையலறைப் புளியிலும் கைவைத்தோம். “ரசத்துக்கு வெச்ச புளிங்க அது!” என்று என் மனைவி வந்து நின்றபோது, என்னைக் கைகாட்டிவிட்டு ஒன்றும் அறியாத பிள்ளையாகக் குனிந்துகொண்டீர்கள்.

ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்குக் கூப்பிட்டார்கள். என் பிக்கப்பின் பின்னால் பீரங்கியைப் பூட்டினோம். பக்கத்து சீட்டில் ஏறச் சொன்னேன், நீங்கள் வரவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, யாருடைய பீரங்கியோ போகிறது என்பது போலச் சோளம் தின்றுகொண்டிருந்தீர்கள். உங்களைக் கடந்து போன சற்று நேரத்தில் போன் அடித்தது.

“கோயமுத்தூரு, எடது சக்கரம் கத்துது. ஓரமா நிப்பாட்டி கிரீஸ் வைங்க.”

பேண்டு வாத்தியத்துக்கு நடுவில் அது உங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஊர்வலம் முடிந்ததும் ஒரு கிழவர் வந்து பீரங்கிக்கு சல்யூட் வைத்தார், இளவயதில் ராணுவத்தில் இதே மாதிரி ஒன்றோடு இருந்தவராம். பிரமாதமாகச் செய்திருக்கிறாய் என்று என் கையைக் குலுக்கினார். நான் இல்லை, அதோ அவர் என்று திரும்பிக் காட்டினேன். நாற்காலியை மடித்துக்கொண்டு நீங்கள் காருக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் மேல் இல்லை, பாய்.

நோன்பு பிறக்கும் முன்பே போய்விட்டீர்கள். முந்தின சனிக்கிழமை சக்கரங்களுக்குப் பெயிண்ட் கடைசிப் பூச்சு முடித்து, வேர்வை காயட்டும் என்று கைலியைக் குழாயின் மேல் போட்டுவிட்டுப் போனவர். நெஞ்சுவலி என்றார்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்முன் முடிந்துவிட்டது. நகத்தில் போகாத கிரீஸோடு நானும் மூன்று பிடி மண் போட்டேன். பிறகு ஒருநாள் போனபோது சிறிய கல் வைத்திருந்தார்கள். உங்கள் முழுப் பெயரை, வாப்பா பெயரோடு சேர்த்து, நான் நிதானமாகப் படித்தது அங்கேதான். அவ்வளவு நல்ல பெயர் வெளிச்சத்தில் நிற்க ஓர் இடுகாடுதான் கிடைத்ததா என்று இருந்தது.

இதற்கு மேல் அன்று எழுத முடியவில்லை. எழுந்து உங்கள் வீட்டுக்குப் போனேன். தகட்டு விஷயத்தை உங்கள் மனைவியிடம் சொன்னேன்.

“அவங்க வேணாம்னுதானே சொன்னாங்க” என்றார் முதலில். பிறகு, “அவங்களுக்கு அவங்களப் பத்திப் பயமில்லண்ணே. அப்ப ஸ்கூல்ல படிச்ச புள்ளைய யாராச்சும் எதாச்சும் சொல்லிருவாங்கன்னுதான்” என்று மகளைப் பார்த்தார்.

உங்கள் மகள் வளர்ந்துவிட்டாள் பாய், காலேஜ் முடிக்கப் போகிறாள். தமிழில் கேட்டால் இன்னமும் ஆங்கிலத்தில்தான் பதில். எனக்காக யாரும் ஒளிய வேண்டாம், வாப்பாவின் முழுப் பெயரையும் போடுங்கள், ஓர் எழுத்தும் குறைக்காதீர்கள் என்றாள். தாளை வாங்கி அவளே எழுதிக் கொடுத்தாள். உங்கள் மனைவி அதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கைலியைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இன்று பீரங்கி மன்றத்து வாசலில் நிற்கிறது. தகட்டை நான்தான் திருகினேன். ஒரு திருகாணி முரண்டு பிடித்தது. உங்களை நினைத்துக்கொண்டு ‘பிஸ்மில்லா’ என்றேன், மெதுவாகத் திருப்பினேன். மேலே உங்கள் பெயர், கீழே என் பெயர்.

சின்னக் கூட்டம்தான், பாதிப் பேர் தொப்பி போட்ட கிழவர்கள். மன்றத்துக்காரர் தகட்டைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்து உங்கள் பெயரில் தடுக்கி நின்றார். எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் உங்கள் பெயரை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை, திரும்பவும் சொன்னேன். அவர் கேட்டுக் கேட்டு, சரியாக வந்த பிறகுதான் விட்டார். உங்கள் மகள் முன்வரிசையில் நின்றிருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். யாரும் உங்களைத் தனி ரூமுக்குக் கூப்பிடவில்லை, பாய்.

திரும்பி வரும்போது பிக்கப்பின் பின்னால் இழுக்க ஒன்றுமில்லை. உங்கள் கைலி பக்கத்து சீட்டில் மடித்து வைத்தபடி இருந்தது. ஃப்ரீவேயில் ஏறும் முன் உங்கள் பெயரை இன்னொரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், மறந்துவிடக் கூடாதே என்று. பிறகு வழக்கம்போல, “போலாமுங்களா பாய்” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.