இடப்பக்கம் சாய்ந்த கோடு

நவம்பர் 12, புதன்

கண்டெய்னரில் இறால் அழுகியது என்னால்தான். குளிரூட்ட மின்இணைப்பு தர வேண்டிய கண்டெய்னர்களின் பட்டியலைத் தினமும் ஃபோல்டரில் சேர்க்கும் நிரல் என்னுடையது. நேற்று அதைத் திருத்தியபோது எடிட்டர் ஃபோல்டர் பெயரைத் தானே முடித்துக் காட்டியது. படிக்காமல் டேப் விசையை அழுத்தினேன். விண்டோஸ் வழக்கப்படி இடப்பக்கம் சாய்ந்த கோடு விழுந்துவிட்டது. எங்கள் சர்வர் லினக்ஸ். அதற்கு அந்தக் கோடு ஃபோல்டரைப் பிரிக்கும் குறி அல்ல, பெயரில் ஓர் எழுத்து மட்டுமே. புதிய பட்டியல் கோட்டோடு சேர்ந்த நீளப் பெயரில் வெளியே கிடந்தது. ஃபோல்டரில் இருந்த பழையதை ஆபீஸ் ஜூனியர் ஜெசிந்தா, கண்டெய்னர்கள் நிற்கும் யார்டுக்கு அனுப்பினாள். இறால் கண்டெய்னர் அதில் இல்லை.

"ஏளா, பழைய லிஸ்ட்ட அனுப்பிட்டு என்ன முழிக்க? நாளையிலருந்து வராண்டாம்" என்றார் மேனேஜர்.

"அதுதான் சார் கெடந்துச்சு. அக்கா, நீங்க சொல்லுங்களேன்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போனபின், வெளியே கிடந்த அந்தப் புதிய பட்டியலை அழித்தேன். இரண்டு எழுத்து அடித்து டேப் அழுத்தியதும் மீதிப் பெயர் தானாக வந்தது. எவ்வளவு சுலபம்.

சற்றுமுன் போனில் 'ஜெ' என்று அடித்தேன். அவள் பெயரை முழுதாகக் காட்டியது. இன்னும் அழுத்தவில்லை.