என் வாசலுக்கு வந்த எட்டுப் பேர்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
9-7-1985

அன்புள்ள மகள் அருள்ராணிக்கு, மாமியார் இருதயமேரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கு நானும் பேத்தி ஸ்டெல்லாவும் சுகம். நீ விழுப்புரத்தில் அண்ணன் வீட்டில் உடம்பு தேறி வருகிறாய் என்று நம்புகிறேன். காதில் சீழ் வருவது நின்றதா? காரை எலும்புக்குப் போட்ட கட்டை என்றைக்குப் பிரிக்கிறார்களாம்? அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுக்காதே. அண்ணி முகம் சுளித்தாலும் பரவாயில்லை, குடம் தூக்காதே.

பிள்ளை பகலெல்லாம் விளையாடுகிறாள். சாப்பாட்டு நேரத்தில்தான் உன்னைக் கேட்டு அடம் பிடிக்கிறாள். நேற்று கேப்பைக் கூழில் வெல்லம் போட்டுக் கொடுத்தேன், குடித்தாள். அப்பன் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கடிதம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணி பஸ்ஸில் உபதேசியார் பெரியநாயகம், என் மகன் ராயப்பன், நான், பிள்ளை எல்லாரும் உன்னை அழைத்துப்போக வருகிறோம். உன் அண்ணன் செபஸ்தியான்தான் உபதேசியாருக்கு எழுதியிருக்கிறார். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததற்கு ஒரு மாதமாகப் பிறந்த வீட்டில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா என்று கேட்டிருக்கிறாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நீயும் நானும் சொன்னதைத்தானே அவர் நம்பினார்.

அருளு, மாதர் சங்கம் ஆரம்பித்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ வருவதற்கு மூன்று வருஷம் முன்பு அது. உன் மாமனாருக்குக் கோபம் வந்தால் கைதான் பேசும் என்று கேள்விப்பட்டிருப்பாய். இருபது வருஷம் நான் அடி வாங்கிய சத்தம் இந்தத் தெருவுக்கே கேட்டது, ஒரு கதவு திறக்கவில்லை. அவர் போன பிறகு, பக்கத்து வீட்டு சூசை மேரியை அவள் புருஷன் மண்டையைப் பிளந்தான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் அந்த வேலையைத் தொடங்கினேன்.

மண்டியிலிருந்து விதை மல்லாட்டை மூட்டை வாங்கி வந்து நாங்கள் வீட்டில் கடலை உடைத்துக் கொடுக்கிற காலம் அது. நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் சூசை மேரி வீட்டு வாசலில் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தேன். கெங்கம்மாள் பின்னாலேயே வந்தாள். எட்டுப் பேரானோம். திட்டவில்லை, சாபம் விடவில்லை, உடைத்துக்கொண்டே இருந்தோம். தோலை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். அதை அவன்தான் பெருக்க வேண்டும், பொண்டாட்டி தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். மூன்று நாள் அவன் வீறாப்பாகத் தாண்டித் தாண்டிப் போனான். நாலாம் நாள் காலையில் தெருவே பார்க்கத் துடைப்பத்தை எடுத்தான். பிறகு ரொம்ப நாள் அவன் கை நீளவில்லை. அப்படி நாலு ஆண்பிள்ளைகளைப் பெருக்க வைத்தோம். சங்கத் தலைவி என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததைத்தான் நீயே பார்த்திருக்கிறாயே.

ஜூன் பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த எட்டுப் பேரும் என் வாசலுக்கு வந்தார்கள். நானும் ஒருத்தியாக இருந்த கூட்டம், என் இடத்தில் வேறொருத்தி. நாலைந்து நாளாக நீ அலறுவது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்காமலா இருந்தது? கெங்கம்மாள் முறத்தை வைத்து உடைக்க ஆரம்பித்தாள். கையால் நாலு கொட்டை உடைத்திருக்க மாட்டாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. என் வாசலிலா, என் பிள்ளைக்கா என்று தோன்றியதே தவிர, உள்ளே கிடந்த உன் நினைப்பு வரவில்லை.

"என் வூட்ல அப்படி ஒண்ணும் நடக்கலடி, ஏந்து போங்க" என்று கத்தினேன். "அருளைக் கூப்புடுக்கா, அவ வாயால சொல்லட்டும், நாங்க போய்க்கினே இருக்கோம்" என்றாள் கெங்கம்மாள். நீ தலைவலி என்று படுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். கதவுக்கு உள்பக்கம் நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எழுந்து போனார்கள். கிடந்த கொஞ்சம் தோலையும் நானே பெருக்கித் தள்ளினேன்.

எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்த வரைக்கும் ராயப்பன் தோட்டத்துப் பக்கம் பயந்துதான் நின்றான். இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வந்தான். யார் அந்தத் தைரியத்தை அவனுக்குக் கொடுத்தது என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வேறு பதில் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எப்படி அடிபட்டது என்று கேட்டபோது நீ முதலில் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு "கெணத்தாண்ட வழுக்கி வுழுந்துட்டேங்க" என்றாய். என் மானத்துக்காகச் சொன்னாய். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது கெங்கம்மாள் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் நான் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். போன வாரம் சூசை மேரிக்கு மறுபடியும் அடி. கெங்கம்மாள் ஒருத்திதான் முறத்தோடு கிளம்பினாளாம். "மொதல்ல உங்க தலைவி வூட்டு வாசல்ல போய் குந்துங்க" என்று சிரித்தானாம் அவன். அவள் திரும்பி வந்துவிட்டாள். இனி இந்தத் தெருவில் யார் வாசலிலும் யாரும் உட்காரப்போவதில்லை. ஏழெட்டு வருஷம் கட்டியதை ஒரு சாயங்காலத்தில் குட்டிச்சுவராக்கிவிட்டேன்.

ஆகவே நீ இங்கே வந்தால் உனக்கு யாரும் இல்லை. ராயப்பன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டான், திருந்திவிட்டான் என்று உபதேசியார் சொல்வார். முந்தாநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று சட்டியைச் சுவரில் வீசினான். பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இனி எழுதுவதை அண்ணனுக்குப் படித்துக் காட்டு. என் மருமகள் அருள்ராணி கிணற்றடியில் விழவில்லை. நான் பெற்ற மகன் ராயப்பன் ஜூன் பதினொன்றாம் தேதி களி கிண்டுகிற துடுப்பால் அவளைக் காதிலும் தோளிலும் அடித்தான். நான் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. இது சத்தியம். இருதயமேரி.

இதை அவர்கள் முன்னால் நேரில் சொல்ல வேண்டியதுதானே என்று நீ நினைப்பாய். மாட்டேன், அருளு. என்னை எனக்குத் தெரியும். அவன் எனக்கு ஒரே பிள்ளை. அவன் முகம் தொங்கிப்போனால் என் வாய் தானாக மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வாம்மா, எல்லாம் சரியாகிவிடும் என்பேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மாதா மேல் ஆணையிட்டாலும் இடுவேன். அப்போது இந்தக் கடிதத்தை உபதேசியார் கையில் கொடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிக்கச் சொல். என் எழுத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாலும் நிறுத்தவிடாதே. எனக்காக நீ ஒரு தடவை பொய் சொன்னது போதும்.

பிள்ளையைக் கண்டால் நீ இறங்கி வந்துவிடுவாய் என்றுதான் தூக்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கிக்கொள். வாங்கினால் திருப்பிக் கொடுக்காதே. ஒரு நாள் போய் வருவதற்கு இத்தனை எதற்கென்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவள் துணிகளையெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஞானஸ்நானச் சீட்டு அடியில் இருக்கிறது. சளி பிடித்தால் அவளுக்கு உடனே மூச்சு இழுக்கும், பார்த்துக்கொள். பிள்ளை இல்லாத வீட்டில் அவனும் நானும் எப்படி இருப்போம் என்று தெரியவில்லை. அது உன் கவலை இல்லை.

கடவுள் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். உன் காது நன்றாகக் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் உன்னைக் கூப்பிடுவேன். வராதே, மகளே.

இப்படிக்கு,
உன் மாமியார்
இருதயமேரி